வளையலுக்குள் நுழையும் கத்திரிக்காய்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இந்த வேலைக்கு எடுத்தபோதே அதைச் சொல்லிவிட்டேன். விவசாயிகளிடம் மட்டும் காட்டாதீர்கள் என்றார்கள். காட்டாமல் இருக்கத்தான் பார்க்கிறேன். ஆனால் சமுதாயக் கூடத்தில் ஊரையே உட்கார வைத்து, பொட்டாஷ் செடிக்குள் போய் என்ன செய்கிறது என்று தொண்டை வற்றப் பேசிக்கொண்டிருக்கும்போது, முன்வரிசையில் ஒருவர் வாசலை எட்டிப் பார்த்து, "போண்டா வந்துட்ச்சா பாருப்பா" என்றால் யாருக்குத்தான் வராது?

ஒரகடம் பக்கத்தில் சிறு விவசாயிகள் சேர்ந்து வைத்திருக்கும் உற்பத்தியாளர் கம்பெனி ஒன்றில் நான் பயிற்சியாளர். யூரியாவை மட்டும் வாரி இறைக்கிறவர்களைப் பொட்டாஷும் சேர்த்துப் போட வைக்க வேண்டும். அதையும் ஒரே மூச்சில் கொட்டாமல், பயிருக்கு வேண்டிய நேரத்தில் பிரித்துப் போட வைக்க வேண்டும். விளைந்ததை விற்கவும் ஓர் இடம் பிடித்துத் தர வேண்டும். எனக்குத் தந்த உத்தரவில் இதெல்லாம் ஒரே வரியில் இருந்தது. பிள்ளைப்பாக்கம் தாண்டி என் ஸ்கூட்டர் திரும்பினாலே "ஒர மேடம் வருது" என்பார்கள். அவர்கள் வாயில் உரம் ஒரம்தான். நானும் திருத்தவில்லை.

அந்த முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர்கள். விளக்கை அணைத்துத் திரையில் படம் காட்டியதும் தூங்கிவிட்டார்கள். விழித்திருந்த ஒருவர் எழுந்து, "மேடம், யூரியா போட்டா மூணாம் நாளே பச்ச காட்டுது. ஒங்க செவப்பு உப்பு இன்னா காட்டும்?" என்றார். பொட்டாஷ் பார்ப்பதற்குச் செங்கல் பொடி கலந்த கல்லுப்புப் போலத்தான் இருக்கும். அது உடனே வெளியே காட்டாது, காயின் தோல் உறுதியாகும், சீக்கிரம் வாடாது, எல்லாம் உள்ளே நடக்கும் என்றேன். "உள்ள நடக்கறத யாரு போய்ப் பாத்தா?" என்றார். கூடமே சிரித்தது. அந்த நேரம் பார்த்து போண்டாவும் வந்தது.

அவர்கள் மேல் தப்பு சொல்லவும் முடியாது. சில உரக்கடைகளில் யூரியா கேட்டால், இதையும் சேர்த்து வாங்கினால்தான் தருவேன் என்று ஏதாவது ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார்கள். தலையில் கட்டுகிற சரக்கை யார் நம்புவார்கள்? போதாததற்கு, மண்டியில் எல்லாக் காயையும் ஒரே குவியலாகக் கொட்டி நிறுத்துவிடுவார்கள். உறுதியான காய்க்கும் அமுங்கிய காய்க்கும் ஒரே மரியாதை. அப்படியிருக்க, தோல் உறுதியாவதற்கு எவன் பொட்டாஷ் வாங்குவான்? உறுதியான காய் வேண்டும் என்று கேட்கிற ஆளை முதலில் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினேன்.

சுற்றிலும் இத்தனை கம்பெனிகள். அத்தனையிலும் மதியச் சாப்பாடு உண்டு. பல கம்பெனிகளுக்குச் சேர்த்துச் சமைத்து வேனில் அனுப்பும் ஒரு பெரிய கிச்சன் ஒரகடம் சாலையில் இருந்தது. அதன் பின்கேட்டில் பல நாள் நின்ற பிறகு, காய்கறி வாங்கும் மேனேஜரைப் பார்க்க விட்டார்கள். மதுரைப் பக்கத்துக்காரர். உட்காரச் சொல்லாமலேயே பேச ஆரம்பித்தார்.

"புதன்கெழம எங்க கிச்சன்ல எண்ணெய்க் கத்திரிக்கா. தட்டுக்கு ரெண்டு. ஒருத்தன் தட்டுல எலுமிச்சங்கா கணக்கா இருக்கு, பக்கத்துல இருக்கவன் தட்டுல தேங்கா கணக்கா இருக்குன்னா அவன் சும்மா இருப்பானா? ஒரு கம்பெனியில எங்க பையன் கையில இருந்த கரண்டியவே பிடுங்கிட்டாய்ங்க. மூட்டையப் பிரிச்சு, ஆளு போட்டு ஒரே சைஸாப் பொறுக்க வேண்டியிருக்கு. அதுலயும் பாதி அமுங்கிக் கெடக்கு. ஒரே அளவா, கெட்டியான காயாக் கொண்டாங்க, இங்கிட்டே வாங்கிக்கிறேன். ஆனா எண்ணித்தான் வாங்குவேன், நிறுத்து வாங்க மாட்டேன்."

எந்த அளவு என்று கேட்டேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினார். அவர் விரலை வெட்டியா எடுத்துக்கொண்டு போக முடியும்? மறுநாள் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃபேன்சி ஸ்டோரில், கைக்குழந்தைக்குப் போடும் பிளாஸ்டிக் வளையலைப் பல அளவில் வாங்கிப் போனேன். மேனேஜர் ஒவ்வொன்றிலும் கத்திரிக்காயை நுழைத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு பச்சை வளையலை எடுத்து வைத்துக்கொண்டார். "இதுக்குள்ள நுழையணும். நுழைஞ்சு அந்தப் பக்கம் தொபுக்குன்னு விழுந்துறவும் கூடாது" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அடுத்த பயிற்சியை வயலிலேயே வைத்தேன். கூடம் இல்லை, திரை இல்லை, முடிகிறவரை போண்டாவும் இல்லை. தண்ணீர் பாட்டில் மூடியால் அளந்து, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி மண்ணைக் கீறி, உரத்தைப் போட்டு மூடித் தண்ணீர் விட்டுக் காட்டினேன். பூ எடுக்கும் முன் எவ்வளவு, காய் பிடித்த பிறகு எவ்வளவு என்று அவர்களையே திருப்பிச் சொல்ல வைத்தேன். "வீக்லி ஆஃப் அன்னிக்கு மொத்தத்தியும் ஒரே வாட்டியா போட்டுட்டா இன்னா மேடம்?" என்று ஒருவர் கேட்டார். "ஒரு மாசச் சோத்த ஒரே நாள்ல தின்னுட்டு டியூட்டிக்குப் போவீங்களா?" என்றேன். அவர் மனைவி பக்கென்று சிரித்துவிட்டாள். அப்போதுதான் கவனித்தேன், குனிந்து மண்ணைக் கீறிப் பார்த்தவர்கள் எல்லோரும் பெண்கள். ஆண்கள் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் செடியைப் பார்ப்பவர்கள் அவர்கள்தானே. மேனேஜர் எடுத்து வைத்துக்கொண்ட அதே அளவில் வாங்கி வந்த வளையல்களை அவர்கள் கையில் கொடுத்தேன்.

அவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சில வருஷம் ஒரு செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். கழுத்து வலி வந்து நின்றுவிட்டாள். கணவர் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். தன் பங்கு நிலத்தை விற்றுத்தான் அவர் வீட்டைக் கட்டினார், வேனையும் வாங்கினார். அவள் பயிர் வைத்திருந்தது கணவரின் அண்ணனுடைய நிலம். அண்ணன்காரர் ஒரு கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பர்மனன்ட். விவசாயம் பார்க்க அவருக்கு நேரம் இல்லை, சும்மா கிடக்கிறதே என்று தம்பி மனைவியிடம் விட்டிருந்தார். அவரை அவள் மாமா என்பாள்.

அந்த நிலத்துக்குத்தான் ஆபத்து வந்தது. ஒரகடத்தில் டிரெய்லர் லாரிகளை நிறுத்த இடம் போதவில்லை. ரோட்டோரமாக இருந்த அந்தத் துண்டை வாடகைக்குக் கேட்டு ஆள் வந்துவிட்டார்கள். அண்ணன்காரர் கெட்டவர் இல்லை. முகத்துக்கு நேராகவே அவளிடம் சொன்னார்: "இந்தப் போகம் பாக்கறேம்மா. காய் நல்லா வந்தா நீயே வெச்சிக்கோ. இல்லாங்காட்டி கிராவல் கொட்டி லாரிக்கு வுட்டுர்றேன்." கிராவல் என்றால் சிவப்புச் சரளை மண். ஒரு தடவை கொட்டி ரோலர் ஓட்டிவிட்டால் அதற்கு மேல் யாராலும் அங்கே கத்திரி வைக்க முடியாது.

நிலம் போனால் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். மறுபடியும் லைனுக்குத்தான் போகணும் என்றாள். "அங்க ஒண்ணுக்குப் போவணும்னா கூட கையத் தூக்கணும் மேடம். சூப்பர்வைசர் பாத்து, மாத்தி வுட ஆள் வந்தாத்தான் எந்திரிக்க முடியும். இங்க யாரையும் கேக்க வேணாம்." இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் புடவை மேல் போட்டுக்கொண்டு, மூடி மூடியாக உரம் வைத்துக்கொண்டே சொன்னாள். அடுத்த போகத்துக்கு மண்ணைச் சரிபண்ண இதையும் போடலாம், அதையும் போடலாம் என்று நான் ஆரம்பித்தால் மட்டும், "அடுத்த போகம் யாரு கண்டா மேடம்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

பக்கத்து வயல்காரர் யூரியாவை அள்ளி இறைத்தார். அவர் செடி கருகருவென்று பச்சை பிடித்து நின்றது. இவள் செடி கொஞ்சம் வெளுப்பாகத்தான் தெரிந்தது. "செவப்பு உப்ப வாங்கி ஊறுகா போடப் போறியாம்மா?" என்று அவர் வரப்பில் நின்று கேட்டுவிட்டுப் போவார். அண்ணன்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு வயலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று மாலை எனக்கு ஃபோன்.

"மேடம், ஒரே ஒரு கை யூரியா மட்டும் மேல தூவிக்கறேன்."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். வரப்பில் யூரியா மூட்டை பிரித்தபடி இருந்தது. "தாராளமா தூவுங்க. அந்த வளையல மட்டும் குடுத்துடுங்க, வேற யாருக்காச்சும் ஆகும்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.  பிறகு மூட்டை வாயைச் சணலால் கட்டினாள். வளையலைத் தரவில்லை.

பூ எடுத்தபோது எனக்கு மூச்சு வந்தது. பக்கத்து வயலில் இலை குடையாக விரிந்ததே தவிர, பூ பாதி உதிர்ந்து, இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. இவள் செடியில் பூவெல்லாம் பிஞ்சாயிற்று. தோல் பளபளவென்று, அழுத்தினால் விரல் பதியாத காய். லைனில் ஒயர் நறுக்கப் பழகிய மாதிரியே ஒரு சின்ன கட்டர் வாங்கி வைத்துக்கொண்டு, காம்பைப் பிய்க்காமல் நேராக வெட்டி எடுப்பாள். "இதுக்கும் சோல்டரிங் வெக்கணுமா?" என்று கேலி செய்தேன். அவள் கணவர் வேனில் மாதிரிக்குக் கொண்டுபோன காயைப் பார்த்த மேனேஜர் அந்தக் காம்பைத்தான் முதலில் கவனித்தார். இப்படி வெட்டினால் காய் கிழியாது, காம்போடு வதக்க நன்றாக இருக்கும் என்றார். வர்ற புதன்கிழமைக்கு முழுச் சரக்கும் உங்களுடையது என்று சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் லோடு ஆட்டோ வயல் வயலாகக் காயை ஏற்றிக்கொண்டு வர, நான் நேராகக் கிச்சன் பின்கேட்டில் போய் நின்றேன். மற்ற பெண்களின் பிளாஸ்டிக் கிரேட்களில் காயெல்லாம் சரியான அளவில் இருந்தது. அவளுடையதுதான் அதிகம். ஈரச் சாக்கை விலக்கினார் மேனேஜர். ஒவ்வொரு காயும் ஒரு கைப்பிடி. துணியால் துடைத்து மினுமினுக்க வைத்திருந்தாள். மேனேஜர் ஒன்றை எடுத்து வளையலை அதன் மேல் வைத்தார். வளையல் காயின் தலையில் தொப்பி போல உட்கார்ந்துகொண்டது.

"என்னங்க இது, சாமிக்குப் படைக்கவா?" என்றார். பிறகு காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காய் அருமையான காய். பொய் சொல்லக் கூடாது. ஆனா எனக்கு ஆகாது. தட்டுக்கு ரெண்டு வச்சா சோறு எங்கிட்டு வைக்க?"

அவளுடைய கிரேட் அத்தனையும் திரும்பியது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நேராக அவள் வீட்டுக்குப் போய், ஸ்கூட்டரை நிறுத்தக்கூட இல்லை, கத்த ஆரம்பித்தேன். "வளையல எதுக்குக் குடுத்தேன்? தொட்டில்ல கட்டி ஆட்டவா? எண்ணித்தான் வாங்குவாங்க, நிறுத்து வாங்க மாட்டாங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?"

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள். "ஞாயித்துக்கெழம மாமாவுக்கு லீவு மேடம். வந்து பாப்பாரு. வளையல் அளவுக்கு இருந்தா, இதான் ஒன் காயான்னுவாரு. அதான் அவர் வந்து பாக்குற வரிக்கும் செடியிலயே வுட்டேன். வந்தாரு. ஒண்ணு கையில புட்ச்சிப் பாத்துட்டு, பரவால்லியேம்மான்னாரு."

அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்தி ஸ்டாண்டு போட்டேன். கேன்டீனுக்குக் காய் சின்னதாக இருக்க வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரருக்குப் பெரிதாக இருக்க வேண்டும். மண்டிக் குவியலில் நிறுத்து விற்றே பழகிய ஊர், இங்கே யாரைக் கேட்டாலும் பெரிய காய்தான் நல்ல காய். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தக் காயை அன்று சாயந்திரம் அவள் கணவர் வேனிலேயே ஸ்ரீபெரும்புதூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வந்தார்.

மேனேஜரிடம் மறுபடியும் போய் நின்றேன். சும்மா சொல்லக் கூடாது, இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். இன்னும் ஒரு தடவை அளவு மாறினால் இந்த கேட் பக்கமே வரக் கூடாது என்றும் சொன்னார். நான் அதை அவளிடம் அப்படியே சொன்னேன்.

"காய் மாமாவுக்கா, கேன்டீனுக்கா? நீங்களே சொல்லுங்க மேடம்" என்றாள்.

"கேன்டீனுக்கு" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, வீடு திரும்பும் வழியெல்லாம் அதே நினைப்பு. சொல்வது நான், நிலம் போனால் லைனில் போய்க் கையைத் தூக்கப் போவது அவள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாள். வளையலைச் சணலில் கட்டிச் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டு, சந்தேகம் வந்தால் செடியிலேயே அளந்து பார்த்து வெட்டினாள். புதன்கிழமைகள் நன்றாகப் போயின. மேனேஜர் தானாக ஃபோன் செய்து, காய் இன்னும் கொஞ்சம் கூட்டித் தர முடியுமா என்று கேட்டார். ஆனால் காய் வளையல் அளவுக்கு வந்ததுமே போய்விடுவதால், வயலைப் பார்த்தால் செடிதான் இருக்கும், காய் இருக்காது. எவ்வளவு நன்றாகக் காய்த்ததோ அவ்வளவுக்கு வயல் வெறிச்சென்று கிடந்தது.

அண்ணன்காரர் மறுபடியும் வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே இறங்கி ஒரு சுற்று நடந்தார்.

"ஏம்மா, அன்னிக்கு அம்மாம் பெரிய காயா தொங்கிக்கினு இருந்துச்சி. இப்ப செடியில ஒண்ணியும் காணம்?"

"பறிச்சிட்டேன் மாமா. கேன்டீனுக்குப் போவுது."

"பிஞ்சியேவா?"

அவள் வளையலைக் காட்டினாள். அவர் அதை வாங்கித் தன் இரண்டு விரலில் மாட்டிப் பார்த்துச் சிரித்தார். "இத்த வெச்சி கோலியா வெளாடப் போறாங்கோ? யாரோ ஒன்ன நல்லா ஏமாத்தறாங்கோ" என்றார். யாரோ என்றது என்னைத்தான்.

"யாரும் ஏமாத்தலங்க. அவங்களுக்கு இந்த அளவுதான் வேணும். கணக்கு வேணும்னா காட்டறேன்" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க படிச்சவங்க மேடம், ஒங்களுக்குத் தெரியும். நான் கண்ணால பாக்கறதத்தான் சொல்றேன்" என்றார். பைக்கில் உட்கார்ந்தபடியே யாருக்கோ ஃபோன் செய்து, நிலத்தைச் சுற்றிக் கையைக் காட்டிக்காட்டிப் பேசினார். அவள் வளையலை மறுபடியும் பொத்தானில் மாட்டிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த புதன்கிழமை முற்பகலில் அவள் ஃபோன் வந்தது. கிராவல் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

நான் போனபோது டிப்பர் லாரி பின்பக்கமாக வரப்பைத் தாண்டி வயலுக்குள் வந்து நின்றிருந்தது. சக்கரத்துக்கு அடியில் ஓரத்துச் செடிகள் நசுங்கிக் கிடந்தன. லாரிக்குப் பின்னால், கொட்டினால் முதலில் விழும் இடத்தில், அவள் நின்றுகொண்டிருந்தாள். டிரைவர் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர். கீழே இறங்கி, தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எக்கா, நீங்களாவது சொல்லுங்க. சொன்ன எடத்துல தட்டிட்டுப் போறதுதான் என் சோலி. அடுத்த டிரிப்புக்கு ஓனரு கத்திக்கிட்டு இருக்காரு. இவிய பின்னால நின்னுட்டா நான் எப்படி தட்டுவேன்?"

"அவங்க நெலத்துக்காரர்கிட்ட ஒரு வார்த்த பேசிடட்டும் தம்பி. அது வரைக்கும் நில்லுங்க."

"பேசச் சொல்லுங்க. நானா வேண்டாம்னேன்?"

பேசத்தான் முடியவில்லை. அண்ணன்காரருடைய கம்பெனியில் ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். லஞ்சுக்கு வெளியே வந்தால்தான் கையில் எடுப்பார். அவள் ஃபோன் போட்டுக்கொண்டே இருந்தாள், அது அடித்து அடித்து ஓய்ந்தது. வேனில் இருந்த கணவரைக் கூப்பிட்டால், "அண்ணன் நெலம், நான் இன்னா சொல்றது" என்றார். எனக்கு அவரை நாலு வார்த்தை கேட்க வாய் துடித்தது. கேட்டு என்ன ஆகப் போகிறது?

டிரைவர் லாரி நிழலில் உட்கார்ந்துவிட்டார். அவள் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் மூடியில் போட்டு அவரிடம் கொடுத்தாள். தனக்கு எதிராக வந்தவருக்கு எதற்கு என்று நான் முறைத்தேன். "அவரு இன்னா பண்ணுவாரு மேடம், அவரும் வேலைக்கு வந்தவருதான்" என்றாள். டிரைவர் சங்கடத்தோடு சாப்பிட்டார். காய் நல்லா இருக்குக்கா, குழையல என்றார். 

ஒரு வழியாக ஃபோன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் தட்டுச் சத்தமும் பேச்சுச் சத்தமுமாக இருந்தது.

"இன்னாம்மா, இத்தினி வாட்டி கூப்ட்டுக்கீற?"

"கிராவல் வந்து நிக்குது மாமா."

"ஆமா, நான்தான் வரச் சொன்னேன். செடியில எதுனா இருந்தா பறிச்சிக்கினு வழி வுட்டுரும்மா. நான் இன்னா பண்றது, ஒரு போகம் பாக்கறேன்னேன், பாத்தேன்."

முடிந்தது என்று நினைத்தேன். அவள் ஃபோனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"மாமா, இன்னிக்கு புதன்கெழம. ஒங்க கேன்டீன்ல இன்னா?"

 அந்தக் கிச்சனிலிருந்து எந்தெந்தக் கம்பெனிக்குச் சாப்பாடு போகிறது என்று எனக்கே தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஒரகடத்தில் எத்தனை கம்பெனி, எத்தனை கிச்சன்.

"இப்ப இது ஒரு கேள்வியா? எண்ணெக் கத்திரிக்கா வெச்சிக்கீறான்."

"எத்தினி வெச்சிக்கீறான்?"

"எப்பவும் வெக்கிறதுதான். ரெண்டு."

"ரெண்டும் ஒரே மாதிரி கீதா?"

அந்தப் பக்கம் தட்டை இழுக்கும் சத்தம் கேட்டது. "ஆமா, ஒண்ணு போலத்தான் கீது. இப்ப கொஞ்ச நாளாவே நல்லாத்தான் வெக்கிறான். முன்னல்லாம் பெருசு சின்னதுன்னு வாரா வாரம் சண்ட."

"காம்பப் பாருங்க மாமா. பிச்சாமாரி கீதா, வெட்டினாமாரி கீதா?"

அந்தப் பக்கத்தில் யாரோ அவரைத் தள்ளி உட்காரச் சொன்னார்கள். டிரைவர் கையில் சோற்றை வைத்துக்கொண்டே ஃபோனைப் பார்த்தார். 

"நேரா வெட்டிக்கீது" என்றார்.

"அது என் கட்டர் மாமா. நீங்க வெரல்ல மாட்டிக்கினு சிரிச்சீங்களே, அந்த வளையல்ல அளந்ததுதான் அது. செடியில காய் இல்லாங்காட்டி இன்னா, அதெல்லாம் ஒங்க தட்டுலதான் கீது."

இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. ஃபோனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கமும் பேச்சு இல்லை. நானாக இருந்தால் அந்த இடைவெளியில் எதையாவது கத்திக் கெடுத்திருப்பேன். 

கடைசியில் அவர் தொண்டையைச் செருமினார். "இன்னொண்ணு கேட்டேம்மா, இப்பதான். குடுக்கல. ஆளுக்கு ரெண்டுதான்னுட்டான்." கொஞ்சம் நிறுத்தினார். "நம்ம நெலத்துக் காயி, எனக்கே எண்ணி வெக்கிறான் பாரு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டிரைவர் பக்கத்துல கீறானா? ஃபோன அவன் கைல குடு."

டிரைவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். சரிங்கய்யா, சரிங்கய்யா என்று இரண்டு முறை சொன்னார். டிபன் மூடியைக் கழுவி அவளிடம் கொடுத்துவிட்டு, லாரியை எடுத்தார். வரப்பில் ஏறும்போது பின்னாலிருந்து ஒரு கூடை சரளை சரிந்து விழுந்தது, அவ்வளவுதான். லாரி ரோட்டில் ஏறிப் பென்னலூர்ப் பக்கம் திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு நசுங்கிய செடிகளின் பக்கத்தில் உட்கார்ந்து, தேறுகிற காயைப் பொறுக்கினாள். ஒவ்வொன்றையும் வளையலில் நுழைத்துப் பார்த்துப் பார்த்து மடியில் போட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு அழத் தெரியாது, திட்டத்தான் தெரியும்.

"செடி நசுங்கிருச்சேன்னு யூரியாவக் கிரியாவக் கொட்டித் தொலச்சீங்க, அப்புறம் இருக்கு" என்றேன்.

அவள் நிமிராமலேயே சிரித்தாள். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கொட்ட மாட்டேன் மேடம். அந்தச் செவப்பு உப்புதான் ரெண்டு மூட்ட எடுத்து வெக்கச் சொல்லுங்க. அடுத்த போகத்துக்கு வேணும்."